மெர்லியின் காதில் விழுந்தது

சனிக்கிழமைதோறும் நடந்த மனித உரிமைச் சட்ட வகுப்பில் மெர்லி சேர்ந்தது, இருக்கிற வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான். நாட்டில் நடக்கும் அநியாயத்தைத் தட்டிக் கேட்கும் எண்ணமெல்லாம் அவளுக்கு அப்போது கிடையாது.

அவள் பிழைப்பு காதை நம்பியது. அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டதையும் கொடுத்த மருந்தையும் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார். இங்கே விசாயாத் தீவுகளில் ஒரு தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து மெர்லி அதைக் கேட்டு, சொல் பிசகாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவாள். இளம் வயதில் நர்ஸ் படிக்க ஆசைப்பட்டவள். அது வீட்டுக்குத் தாங்காமல் போனதால், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லூரியில் மருத்துவப் படியெழுத்துப் படிப்பில் சேர்ந்தாள். காதில் ஹெட்போன், காலுக்கடியில் பெடல். மென்று விழுங்கிப் பேசும் டாக்டர், சாண்ட்விச் தின்றுகொண்டே பேசும் டாக்டர், தெலுங்கு வாடையோடு ஆங்கிலம் பேசும் டாக்டர் என எல்லாரையும் அங்கேதான் கேட்டுப் பழகினாள். ஆசிரியை முதல் நாளே மண்டையில் ஏற்றியது ஒன்று உண்டு: காதில் தெளிவாக விழாத சொல்லை ஊகித்து எழுதாதே, இடம் விட்டுவிடு; உன் ஊகம் ஓர் ஆளைக் கொன்றுவிடும்.

பிறகு பேச்சைத் தானே எழுத்தாக்கும் கணினி வந்தது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மிஞ்சிய மெர்லிக்குக் கணினி செய்த தப்பைத் திருத்தும் வேலை. அதுவும் எத்தனை நாளோ. அந்த நேரத்தில்தான் பழைய கல்லூரி வாசலில் பலகை வைத்தார்கள்: மனித உரிமைச் சட்டம், சான்றிதழ் படிப்பு, கட்டணம் இல்லை. முடித்தால் வக்கீல் அலுவலகத்தில் எழுத்து வேலை கிடைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"மனித உரிமையா?" என்று அவள் கணவன் ஹோவென் ஜீப்னியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். பயணிகளை ஏற்றி ஓட்டும் வண்டி அது. அவனுக்கு இன்னொரு பெண்டாட்டி மாதிரி. மெர்லியைச் செல்லமாக லாங்கா என்றுதான் கூப்பிடுவான். "ஏன் லாங்கா, கேக் செய்யற வகுப்பு ஒண்ணும் இல்லையா அங்க?"

"அதுக்குக் கட்டணம் உண்டு."

"அப்ப இதுல ஏன் கட்டணம் இல்லன்னு யோசிச்சியா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வருஷங்களில் ஒவ்வொரு குடியிருப்பிலும் போதைப்பொருள்காரர்கள் என்று பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இரட்டையாக ஆள் ஏறிய மோட்டார் சைக்கிள் சந்துக்குள் வந்தால் ஜனங்கள் பேச்சை நிறுத்துவார்கள். மறுநாள் ஒரு வீட்டில் சவப்பெட்டி இருக்கும்.

வகுப்பில் ஆரம்பத்தில் அறை நிறைய ஆட்கள். சமூகநலத் துறைப் பெண்கள், பாதிரிப் படிப்புப் பையன் ஒருவன், குஸ்தாவோ என்ற சிறைக்காவலர். பாடம் நடத்திய அட்டர்னி லுமாபாஸ் ஐம்பது வயதுப் பெண்மணி. குள்ளம். எப்போதும் சுவருக்கு முதுகு கொடுத்துத்தான் நிற்பார். ஒரே வழியில் இரண்டு நாள் வீட்டுக்குப் போகமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மாதங்கள் போகப் போக நாற்காலிகள் காலியாயின.

"பாஸ் மார்க் எவ்வளவு அட்டர்னி?" என்று ஒருநாள் குஸ்தாவோ கேட்டார்.

"எழுபத்தஞ்சு."

"அவ்வளவுதானா? நான் பரீட்சை வரைக்கும் உயிரோட இருந்தாப் போதும், பாஸ்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அட்டர்னியும் சிரித்தார். மெர்லி மட்டும் காலி நாற்காலிகளைப் பார்த்தாள்.

மெர்லியின் வீட்டை ஒட்டினாற்போல மானோங் பெர்த்தோவின் வீடு; மானோங் என்றால் அண்ணன், மானாங் என்றால் அக்கா. நடுவே ஒற்றைப் பிளைவுட் பலகைதான் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் 'நல்லா இரு' என்று சொல்லலாம். பெர்த்தோவுக்கு மின்விசிறி ரிப்பேர் தொழில். ஒரு காலத்தில் குடி, அதற்கு மேலும் ஏதோ பழக்கம் இருந்தது. விட்டு வெகுநாள் ஆகியும் பெயர் எழுதினவர்களுக்கு அது ஞாபகம் இருந்தது போலும். அவர் மனைவி மானாங் தாசிங் சந்தையில் கருவாடு விற்பவள், வாய்க்காரி. "எங்க இந்தாய் வக்கீலம்மா ஆகப்போறா. இனிமே கருவாட்டு வெலைய ஏத்தினா என்னையே கைது பண்ணிருவா" என்று மெர்லியைக் கண்டால் சீண்டாமல் விடமாட்டாள். இந்தாய் என்றால் தங்கச்சி மாதிரி.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மகள் க்ளாரிஸ் பள்ளிக்கூடத்தில், ஹோவென் வண்டியில், தாசிங் சந்தையில். காலையிலிருந்து அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரைச் சத்தம் ஓய்ந்ததும் மெர்லி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதுமடலைத் தேய்த்துக்கொண்டாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் பெர்த்தோவின் குரல் கேட்டது. வழக்கமான குரல் இல்லை. மெல்லியதாக, சின்னப் பிள்ளையுடையதைப் போல இருந்தது.

"ஐயா, கையத் தூக்கிட்டேன் ஐயா. பாருங்க. ரெண்டு கையும் மேல இருக்கு."

"குனி."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல ஐயா. என் பெண்டாட்டி வரட்டும். அவகிட்டக் கேளுங்க. வந்துருவா."

"குனின்னு சொன்னேன்."

அப்புறம் வெடித்தது. ஒரு தடவை, சற்றுப் பொறுத்து இன்னும் சில. பலகை அதிர்ந்து, அதில் மாட்டியிருந்த க்ளாரிஸின் பள்ளிப் படம் சாய்ந்தது. பெர்த்தோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

மெர்லி எப்போது தரையில் விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சொந்த முன்கையையே கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ நடக்கும் சத்தம். 'பக்கத்து வீட்டைப் பாரு' என்று ஒரு குரல். அப்போதுதான் மேசை மேல் கிடந்த வகுப்புத் தாள்கள் கண்ணில் பட்டன. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் மனித உரிமைச் சட்டம், அதற்குக் கீழே அவள் பெயர். தவழ்ந்து போய் அந்தத் தாள்களை அரிசி டப்பாவுக்குள் திணித்து மேலே அரிசியைத் தள்ளி, டப்பாவை மூடிச் சோற்றுப் பானையை அதன் மேல் வைத்தாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிப் பெடலை மிதித்தாள். திரையைப் பார்த்தாள், ஒரு எழுத்தும் கண்ணுக்குள் போகவில்லை.

கதவு தட்டினார்கள். அவள் திரும்பவில்லை. எதுவும் கேட்காதவள் எப்படித் திரும்புவாள்? மறுபடி தட்டினார்கள். விரல்களை விசைப்பலகை மேல் ஓடவிட்டாள். கொக்கி பிய்ந்து கதவு திறந்ததை முதுகில் பட்ட காற்றில் உணர்ந்தாள். அப்போதும் திரும்பவில்லை. ஒரு கை அவள் தோளில் விழுந்தது. அலறினாள். அந்த அலறலில் நடிப்பே இல்லை.

ஹெல்மெட் போட்ட ஆள். மூக்குக்குக் கீழே துணி. கண் மட்டும் தெரிந்தது, சாதாரணக் கண்.

"கூப்பிட்டா தெரியாதா?"

"வேலை ஐயா. இது காதுல இருந்தா இடி விழுந்தாலும் கேக்காது."

"அப்படியா?" அவன் அவள் தலையிலிருந்து ஹெட்போனை உருவினான். ஹெல்மெட்டைக் கொஞ்சம் தூக்கி, ஒரு காதில் வைத்துக்கொண்டான். மெர்லியின் கால் பெடலின் மேலேயே இருந்தது. எடுக்கப் பயம். அமெரிக்க டாக்டர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"என்ன சொல்றான் இவன்?"

"பித்தப்பை ஐயா. ஒரு அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு. அறுத்து எடுத்தாங்களாம்."

"பித்தப்பை." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதக் கேக்கவா சம்பளம் குடுக்கறான்?" ஹெட்போனை மேசையில் வைத்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். அரிசி டப்பாவின் மேலிருந்த சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினான். "முழுப் பேர் என்ன?"

சொன்னாள்.

"நல்லது மெர்லிண்டா. கேக்கலன்னா நல்லதுதான்."

போய்விட்டான். அவள் கால் பெடலை விட்டு வரவில்லை. டாக்டர் பேசி முடித்து, அடுத்த நோயாளி முடிந்து, அதற்கடுத்தவரும் முடிந்த பிறகுதான் சந்தில் தாசிங்கின் கதறல் கேட்டது.

சாயங்கால ரேடியோவில் சொன்னார்கள்: போதைப்பொருள் விற்பவன், துப்பாக்கி எடுத்துப் போலீசை எதிர்த்தான், சுடப்பட்டான். பெர்த்தோவின் கைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்று கிடந்ததாம்.

குடியிருப்புச் சிற்றாலயத்தில் உடலை வைத்தார்கள். காபி, பிஸ்கட், ஒரு மூலையில் சீட்டு. கொலையுண்டவர் என்பதால் சவப்பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு கோழிக்குஞ்சை விட்டிருந்தார்கள். அது கொத்தக் கொத்தச் செய்தவனின் மனசாட்சியில் குத்தும் என்று நம்பிக்கை. சிதறிய அரிசியை அது கொத்தும் சத்தம் டொக் டொக்கென்று கேட்டது. மெர்லி முற்பகலில் போனாள். தாசிங் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தாய், நீ வீட்லதான இருந்த. உனக்குக் கேட்டுச்சா?"

சுற்றிலும் ஆட்கள். யார் யார் என்று தெரியாது.

"இல்ல மானாங். காதுல ஹெட்போன்."

தாசிங் அவள் முகத்தைப் பார்த்தாள். கையை விட்டாள். "காபி எடுத்துக்கோ" என்றாள்.

அதன் பிறகு மெர்லியால் ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்ட முடியவில்லை. மாட்டினால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. ஒரு காதைத் திறந்து வைத்து வேலை செய்தாள். தப்பு மேல் தப்பு வந்தது. குனிந்து காலணி மாட்ட நோயாளியால் முடியவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னார். அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். அவள் காதில் அது 'குனி' என்று விழுந்தது. கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மேற்பார்வைக்காரி எச்சரிக்கை அனுப்பினாள். சனிக்கிழமை வகுப்புக்கு மெர்லி போகவில்லை. தெருமுனைக் கடைக்கு முட்டை வாங்கப் போனால்கூட எதிரே ஹெல்மெட்டோடு வருபவனின் கண்ணைப் பார்ப்பாள். எல்லாக் கண்ணும் அந்தக் கண்ணைப் போலவே இருந்தது.

ஹோவெனிடம் மட்டும் சொன்னாள். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அது உன் தலைக்குள்ளயே இருக்கட்டும், லாங்கா."

"இருக்க மாட்டேங்குதே."

"நமக்கு ஒரு பொண்ணு இருக்கா. செத்தவனுக்கு நீ என்ன செஞ்சாலும் அவன் வந்து விசிறி மாட்டப் போறதில்ல."

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு உறவுக்காரி, ஆறுதல் என்று நினைத்தோ என்னவோ, "சும்மா இருந்திருந்தா சுட்டிருக்க மாட்டாங்க, பாவம்" என்றாள். தாசிங் அவள் மேல் பாய்வாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் பாயவில்லை. திரும்பி வரும் வழியில் மெர்லியோடு ஒட்டி நடந்தாள்.

"இந்தாய், ஒரு வேளை அவன் எனக்குத் தெரியாம வச்சிருந்தானோ? துப்பாக்கிய?"

மெர்லி தரையைப் பார்த்தபடி நடந்தாள்.

"நான் காலைல சந்தைக்குப் போனா மத்தியானத்துக்கு மேலதான வரேன். பரண்ல என்ன இருக்குன்னு எனக்கெங்க தெரியும்? எடுத்திருப்பானோ? முட்டாப்பய, எடுத்திருப்பானோ?"

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் ரேடியோ சொன்னதை நம்பத் தொடங்கிவிட்டாள். மெர்லியால் அந்தத் தெருவில் மேற்கொண்டு நடக்க முடியவில்லை. ஒரு கடைவாசலில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாங்கவில்லை போலும் என்றார்கள் பார்த்தவர்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் கல்லூரிக்குப் போனாள். வகுப்பு முடிந்ததும் அட்டர்னி லுமாபாஸின் பின்னாலேயே உணவுக்கூடத்துக்கு நடந்தாள். அட்டர்னி ஜன்னலோர மேசையை விட்டுவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். மெர்லி சொல்லச் சொல்ல அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க அட்டர்னி."

"சொல்லமாட்டேன். புஸ்தகத்துல சாட்சிக்குப் பாதுகாப்புன்னு ஒரு அத்தியாயம் இருக்கு, நானே உங்களுக்கு நடத்தினேன். அத நம்பி உன்ன வான்னு கூப்பிட எனக்கு வாய் வரல." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பயந்தான் மெர்லி. தைரியசாலின்னு நெனச்சு வந்தியா?"

மெர்லிக்கு அந்தச் சொல்தான் எப்படியோ தெம்பைக் கொடுத்தது. பயமில்லாத ஆளோடு போக அவளால் முடிந்திருக்காது.

கன்னியாஸ்திரிகள் மடத்தின் பின்னறையில் வாக்குமூலம் எழுதினார்கள். அவள் கேட்டதை அப்படியே சொன்னாள்: கை மேலே இருக்கிறது என்றது, மனைவி வரட்டும் என்றது, குனி என்றது. அட்டர்னி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உன் வீட்டுக்குள்ள வந்தவன் குரலும், 'குனி'ன்னு சொன்ன குரலும் ஒண்ணா? நல்லா யோசி. அதுலதான் எல்லாம் இருக்கு."

ஆம் என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. பலகையைத் தாண்டி வந்த குரல் ஒன்று, துணிக்குள்ளிருந்து வந்த குரல் ஒன்று.

"தெரியல அட்டர்னி."

"கொஞ்சங்கூட?"

"ஒரே ஆளாவும் இருக்கலாம். தெரியாதத எழுதாதீங்க."

அட்டர்னி பெருமூச்சு விட்டார்; எழுதவில்லை.

அந்த வாரமே குடும்பம் ஊரை விட்டது. ஹோவெனின் ஊர் ஒரு சின்னத் தீவு. படகில்தான் போக வேண்டும். ஹோவென் ஜீப்னியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். படகில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. க்ளாரிஸ் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னான். பிறகு அண்ணனோடு மீன்பிடிக்கப் போனான். அவன் கைகளுக்கு வலை பழக ஒரு வருஷம் பிடித்தது. மெர்லி கடற்கரையோரம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, ஒரு காதைத் திறந்தே வைத்து டாக்டர்களைக் கேட்டாள்.

விசாரணைக்கு அழைப்பு வர மூன்று வருஷமானது. தாசிங்கும் அட்டர்னியும் எத்தனை கதவு தட்டினார்களோ. மெர்லி சாட்சிக் கூண்டில் ஏறி நின்றாள். பெர்த்தோவின் கடைசி வார்த்தைகளைச் சொன்னாள். சுருக்கெழுத்துப் பெண் தலை நிமிர்ந்து, "கேக்கலம்மா, சத்தமா சொல்லுங்க" என்றாள். மெர்லி சத்தமாகச் சொன்னாள். தாசிங் பின்வரிசையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். மிடுக்கான இளைஞர்.

"அன்னிக்கு ஹெட்போன் போட்டிருந்தேன், ஒண்ணும் கேக்கலன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இல்லையா?"

"சொன்னேன். பயத்துல சொன்னேன்."

"யாரோ அமெரிக்க டாக்டர் பித்தப்பையப் பத்திச் சொல்றதக் கேட்டுட்டு இருந்தீங்க. காது முழுக்க அது. சுவருக்கு அந்தப் பக்கம் பேசினது எப்படிங்க கேட்டது?"

மெர்லி வக்கீலை நிமிர்ந்து பார்த்தாள். ஹெட்போன் கதையை அவள் சிற்றாலயத்தில் எல்லார் காதிலும் விழச் சொன்னது உண்மை. பித்தப்பையைப் பற்றி எவரிடமும் சொன்னதில்லை. தாசிங்கிடம் இல்லை, வாக்குமூலத்தில் இல்லை, கணவனிடம்கூட இல்லை. அந்த அறையில் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், அவளும் அந்த ஹெல்மெட்காரனும்.

அவன் இங்கே யாருக்கோ வேண்டியவன். இந்த வக்கீலோடு உட்கார்ந்து பேசியிருக்கிறான். ஒரு வேளை இப்போதே இந்தக் கூடத்தில் இருக்கிறானோ. வரிசை வரிசையாக முகங்கள். துணி இல்லாத, ஹெல்மெட் இல்லாத முகங்கள். மெர்லி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"பித்தப்பைன்னு உங்களுக்கு யார் சொன்னா?" அவள் குரல் கீச்சென்று வந்தது. "என் வீட்டுக்குள்ள வந்து ஹெட்போன வாங்கிக் கேட்ட ஆளுக்குத்தான் அது தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

வக்கீல் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அட்டர்னி லுமாபாஸ் எழுந்து நின்றார். குள்ளமான அந்தம்மா அன்று பேசியது அடுத்த அறை வரை கேட்டது என்றார்கள். விசாரிப்பவர் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதியச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு ஆளை அழைத்தார்கள். பிறகு இன்னொருவனை. பெர்த்தோ துப்பாக்கி எடுக்கவில்லை என்று எழுத்தில் வந்தது. அழைக்கப்பட்டவர்களில் ஒருவன் உள்ளே இருக்கிறான். மற்றவனைத் தேடுவதாகச் சொல்கிறார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது.

சாட்சி சொன்ன அன்று துறைமுகத்தில் தாசிங் வழியனுப்ப வந்திருந்தாள். ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து மெர்லியின் மடியில் வைத்தாள்.

"அன்னிக்கு நீ பொய் சொன்னப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். "உன் மேல அவ்வளவு கோவம். மூணு வருஷமா உன்னத் திட்டிக்கிட்டேதான் கருவாடு வித்தேன்."

"திட்டுங்க மானாங்."

"அந்தாளு கடைசியா என்னத் தேடினானா? 'அவ வந்துருவா'ன்னு சொன்னானா?"

"சொன்னார்."

"அன்னிக்கு மழைன்னு ஒதுங்கி நின்னுட்டேன் இந்தாய். இல்லன்னா வந்திருப்பேன்." தாசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்திருந்தா என்னையும் சுட்டிருப்பான். போ, படகு போயிரும்."

ஒவ்வொரு தடவை அழைப்பு வரும்போதும் மெர்லிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே சோறு இறங்காது. க்ளாரிஸை நாத்தனார் வீட்டில் விடுவாள். கதவுக் கொக்கியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். போன மாதமும் அப்படித்தான். விடிந்ததும் புறப்பட்டுக் கரைக்கு வந்தவள், தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். ஹோவென் படகில் உட்கார்ந்திருந்தான்.

"போகணுமா?" என்று கேட்டான்.

"போகணும்."

"சரி, ஏறு. இந்தத் தடவ நானும் உள்ள வரேன்."

அவன் மோட்டாரை இழுத்துக் கிளப்பினான்.